மூன்றே மாதத்தில் கமாண்டோ

பேருந்து நிலையத்துக்கு எதிரே, மூடிக் கிடக்கும் தியேட்டரின் சுவர் முழுக்க ஒரு ஃபிளெக்ஸ் பேனர். முகத்தில் கரி பூசிய ஒருவன், வாயில் கத்தி. தண்ணீருக்குள்ளிருந்து துப்பாக்கியோடு எழும் தாடிக்காரன். பின்னால் எரிந்துகொண்டிருக்கும் ஹெலிகாப்டர். அது யாருடையது என்று கேட்கக் கூடாது. கீழே வாசகம்: "பாரா எஸ்.எஃப்., மார்கோஸ், கருடா, பிளாக் கேட் கமாண்டோ பயிற்சி. மூன்றே மாதத்தில்! உணவு, தங்குமிடம் உண்டு. பத்தாம் வகுப்பு தவறியவர்களும் அணுகலாம்."

அணுகலாம்தான். அணுகுவதற்கு எந்தத் தகுதியும் வேண்டாம், அம்மாவின் கம்மல் அடகுக்குப் போகத் தயாராக இருந்தால் போதும்.

இந்த நாலு வரியில் எத்தனை பொய் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். ராணுவத்தின் அறிவிக்கையைத் திறந்தால் போதும், இலவசம். பொதுப்பணிச் சிப்பாய்க்கு, அதாவது பையன்கள் 'ஜி.டி.' என்று சொல்கிற வேலைக்கு, பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 சதவீதமும் ஒவ்வொரு பாடத்திலும் 33-ம் வேண்டும். தவறியவன் அணுக முடியாது. பிளாக் கேட் என்கிற தேசியப் பாதுகாப்புப் படை, ஆளைத் தெருவிலிருந்து எடுப்பதே இல்லை. ராணுவத்திலும் துணை ராணுவப் படைகளிலும் ஏற்கெனவே இருப்பவர்கள்தான் அயற்பணியில் அங்கே போகிறார்கள். மார்கோஸ் வேண்டுமென்றால் முதலில் கடற்படை. கருடா என்றால் விமானப்படை. பாரா என்றால் தரைப்படை. மூன்று படை, மூன்று வாசல். இந்தப் பேனர்க்காரர் மூன்றுக்கும் சேர்த்து ஒரே வாசல் வைத்திருக்கிறார், அதுவும் பஞ்சர் கடைக்கு மேல் மாடியில். மூன்று மாதமாம். கருடா படையினரின் ஆரம்பப் பயிற்சி மட்டுமே 72 வாரம். மார்கோஸ் ஆளாகி நிற்க ஏறக்குறைய இரண்டு ஆண்டு. இவரிடம் வந்தால் மட்டும் தொண்ணூறு நாள், அதிலும் ஞாயிறு விடுமுறை.

'கமாண்டோ' என்று தனியாக ஒரு விண்ணப்பப் படிவம் இந்த நாட்டில் கிடையாது. இதைச் சொன்னால் பையன்களின் முகம் சுருங்கிவிடுகிறது. முதலில் சிப்பாய் ஆக வேண்டும். தமிழ்நாட்டுப் பையனுக்கு 166 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். ஆன்லைன் தேர்வு எழுத வேண்டும். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் 60 மதிப்பெண். கிரவுண்டில் இதற்கு 'எக்ஸலெண்ட்' என்று பெயர். கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுக்கிற 'பீம்' பத்து அடித்தால் 40. ஒன்பது அடிப் பள்ளம் தாண்டணும், வளைந்து வளைந்து போகும் கட்டையில் நடக்கணும். அப்புறம் மெடிக்கல். அப்புறம் ஒரு ரெஜிமென்ட். அதற்கும் அப்புறம்தான், விருப்பமும் தகுதியும் இருந்தால், சிறப்புப் படைக்குப் பெயர் கொடுப்பது. கொடுத்தவனை மாதக் கணக்கில் தூங்கவிடாமல், சாப்பிடவிடாமல், முதுகில் மூட்டையை ஏற்றி நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். பெரும்பாலானவர்களைப் 'போய் வா' என்று பழைய யூனிட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். திரும்பி வருவதில் அவமானம் ஒன்றுமில்லை; அங்கே அது நடைமுறை. இங்கே மாடிப்படி ஏறும்போது யாரும் சொல்லாத தகவல் அதுதான். நூறு பேர் போனால் எத்தனை பேர் திரும்புவார்கள் என்று பேனரில் போட்டால் ஃபிளெக்ஸ் செலவாவது தேறுமா?

தொப்பியின் நிறத்தில்கூடத் தெளிவில்லை. மெரூன் தொப்பி பாராசூட் ரெஜிமென்ட் முழுமைக்கும் உரியது. அந்த ரெஜிமென்டில் சிறப்புப் படைப் பட்டாலியன்களும் உண்டு, சாதாரண வான்வழிப் பட்டாலியன்களும் உண்டு. ஆக்ராவில் ஐந்து முறை, அதில் ஒன்று ராத்திரியில், குதித்து முடித்தால் சட்டையில் இறக்கை வரும். 'பலிதான்' என்கிற அந்தக் கத்திச் சின்னம் சிறப்புப் படையினருக்கு மட்டும். இதையெல்லாம் நம் பையன்கள் எங்கே கற்றார்கள்? கிரிக்கெட்டில்! 2019 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவுடனான ஆட்டத்தில் தோனியின் கையுறையில் அந்தச் சின்னம் தெரிந்தது. ஐ.சி.சி. எடுக்கச் சொன்னது. ஒரு வாரம் தேசமே கொந்தளித்தது. தோனியைக் குற்றம் சொல்வதற்கில்லை. கௌரவ லெப்டினன்ட் கர்னல், 2015-இல் ஆக்ராவுக்கே போய் முறையாகக் குதித்துவிட்டு வந்தவர். கொந்தளித்த கூட்டத்தில் எத்தனை பேருக்கு அந்தச் சின்னம் ஒருவன் நெஞ்சில் ஏற என்ன செலவாகிறது என்று தெரியும்? 'தல' போட்டார், நாமும் போடுவோம். கதை அவ்வளவுதான்.

போட்டான் ஒரு பையன். பத்தொன்பது வயசு, ஓட்டத்தில் 'எக்ஸலெண்ட்', பீம் பதினாலு. வலது புஜத்தில், தோளுக்கு நாலு விரல் கீழே, அந்தக் கத்தியையும் இறக்கையையும் பச்சை குத்திக்கொண்டான். கறுப்பு மை, ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு. அகாடமிக்காரர் அதைப் படம் பிடித்து ரீல் போட்டார். பின்னணியில் வீர வசனம். ராணுவ விதியோ எளிமையானது: முழங்கையின் உட்புறத்திலிருந்து மணிக்கட்டு வரைக்கும், உள்ளங்கைக்குப் பின்புறமும் மட்டும்தான் நிரந்தரப் பச்சைக்கு அனுமதி. வேறு எங்கே இருந்தாலும் தேர்வு இல்லை. பழங்குடியினருக்கு அவர்கள் வழக்கப்படி விலக்கு உண்டு. தோனி ரசிகர்களுக்கு இல்லை. படையின் மேல் வைத்த பக்தியையே தோலில் எழுதிக்கொண்டு போன பையனைப் படை வாசலிலேயே நிறுத்திவிட்டது. இப்போது லேசர் வைத்து அழிக்கத் தோல் டாக்டரிடம் விலை கேட்டுக்கொண்டு அலைகிறான். ரீல் மட்டும் இன்னும் ஓடுகிறது. லைக் குறையவில்லை.

அந்த விதி ரகசியக் கோப்பில் ஒன்றும் பூட்டி வைக்கப்படவில்லை. தேர்வு அறிவிக்கையிலேயே இருக்கிறது. அதே அறிவிக்கையில், மெடிக்கலுக்கு வருமுன் காதில் அழுக்கை எடுத்துவிட்டு வா என்றுகூட எழுதியிருக்கிறது. நம் அரசாங்கம் வேறு எந்த விஷயத்திலாவது இவ்வளவு அக்கறையாகப் பேசியதுண்டா? காது அழுக்கு வரைக்கும் சொல்லியிருக்கிறார்கள். படிக்கத்தான் ஆளில்லை. அது படிக்க வேண்டிய பி.டி.எஃப்.; ரீல் பார்க்க வேண்டியது.

மெடிக்கல் இருக்கிறதே, அது ஒரு தனிக் கொள்ளை. குளித்துவிட்டு ஈரக்காலைச் சிமெண்ட் தரையில் பதித்தால், பாதம் முழுசாக அப்படியே விழுந்தால், தட்டைப் பாதமாக இருக்கலாம். இரண்டு காலையும் சேர்த்து நின்றால் முட்டி முட்டியோடு இடித்துக்கொண்டு, கணுக்கால் அகன்று நின்றால் அதுவும் சிக்கல். நிறக்குருடு இருக்கிறதா என்று கண் டாக்டர் புள்ளிப் புத்தகத்தை விரித்துக் காட்டினால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒரு காசு கட்டுவதற்கு முன்னால் வீட்டிலேயே, பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே முடிந்துவிடுகிற சோதனைகள். ஆனால் முதல் நாளே பையனை ஈரக்காலோடு நிற்கவைத்துப் பார்க்கிற அகாடமியை நான் இன்னும் காணவில்லை. பார்த்தால் அன்றைக்கே திருப்பி அனுப்ப வேண்டுமே! ஆறு மாதம் ஓடவிட்டு, ஆறு மாதக் கட்டணம் வாங்கி, கடைசியில் ராணுவ டாக்டர் 'அன்ஃபிட்' என்றதும், "எல்லாம் உன் அதிர்ஷ்டம் தம்பி" என்று தோளில் தட்டுகிறார்கள். தட்டுவதற்கு மட்டும் கட்டணம் இல்லை. மூக்குத்தண்டு வளைவு, மூலம், விரைவீக்கம் எல்லாவற்றுக்கும் 'ஆர்மி பேக்கேஜ்' ஆபரேஷன் என்று சில தனியார் ஆஸ்பத்திரிகள் வேறு கடை விரித்திருக்கின்றன. தேசபக்தி எவ்வளவு பேருக்குச் சோறு போடுகிறது பாருங்கள்.

சினிமாவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2024 தீபாவளிக்கு 'அமரன்' வந்தது. மறு வாரமே எங்கள் பக்கத்து கிரவுண்டில் கூட்டம் இரட்டிப்பு. நல்லது. ஆனால் அந்தப் பையன்களில் ஒருவனை நிறுத்தி, படத்தில் வருகிற மேஜர் முகுந்த் வரதராஜன் எந்தப் படை என்று கேளுங்கள். "கமாண்டோ சார்" என்பான். அவர் சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் தேறி, ராஜ்புத் ரெஜிமென்டில் சேர்ந்து, 44 ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸில் பணியாற்றி, 2014 ஏப்ரல் 25-இல் ஷோபியானில் உயிர் விட்டவர். அசோக சக்கரம் வாங்கிய அந்த மனிதர் சிறப்புப் படையே இல்லை. வீரத்துக்கு மெரூன் தொப்பி கட்டாயமில்லை என்று அந்த ஒரு வாழ்க்கையே சொல்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்தும் தொப்பியின் நிறத்தைக் கேட்கிறோம். ரசிப்பதில் நாம் கெட்டிக்காரர்கள், கவனிப்பதில்தான் தகராறு.

கருப்புப் பூனை என்றால் தமிழனுக்கு என்ன ஞாபகம் வரும்? பயங்கரவாதி பிடித்துவைத்த விமானமா? இல்லை. ஜெயலலிதாவின் காருக்குப் பக்கத்தில் சஃபாரியில் ஓடியவர்கள். பயங்கரவாதிகளை முறியடிக்க என்று 1984-இல் எழுப்பிய படையை, கட்சித் தலைவர்கள் கல்யாண வீட்டுக்குப் போகும்போது பின்னால் வரவைத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டினோம். 2008 நவம்பரில் மும்பை எரிந்தபோது அதே படை மானேசரிலிருந்து கிளம்பி, விமானத்துக்குக் காத்திருந்து, பிறகு மும்பையில் நகரப் பேருந்தில் ஏறிப் போக வேண்டியிருந்தது. தலைவர்களுக்கு மட்டும் வண்டி எப்போதும் தயார். 2024-இல்தான் ஒருவழியாக அந்தக் காவல் வேலையிலிருந்து அவர்களை விடுவித்து மத்திய ரிசர்வ் போலீஸிடம் ஒப்படைக்க முடிவாயிற்று. கமாண்டோ ஆகத் துடிக்கிற பையன் இதையும் தெரிந்துகொள்ளட்டும்: உன்னை எதற்குத் தயார் செய்கிறார்கள் என்பது ஒன்று, எதற்குப் பயன்படுத்துவார்கள் என்பது வேறொன்று.

இனி கணக்குக்கு வருவோம். கணக்கு என்றதும் அகாடமி மாடியில் மின்விசிறி நின்றுவிடும்.

2022 ஜூன் 14 முதல் சிப்பாய் வேலை நாலு வருஷ வேலை. திட்டத்தின் பெயர் அக்னிபத், அதில் சேர்பவர் அக்னிவீரர். பயிற்சிக் காலமும் அந்த நாலுக்குள் அடக்கம். நாலாம் வருஷ முடிவில் நூற்றுக்கு 25 பேர் வரை மட்டும் நிரந்தரம். மற்றவர்களுக்குச் சேவா நிதி 11.71 லட்சம், அதில் பாதி அவரவர் சம்பளத்தில் பிடித்த காசு. ஓய்வூதியம் கிடையாது, பணிக்கொடை கிடையாது, முன்னாள் ராணுவத்தினர் என்கிற அந்தஸ்தும் கிடையாது, கேன்டீன் அட்டைகூடக் கிடையாது. முதல் வருஷம் சம்பளம் 30,000. கையில் வருவது 21,000. இப்போது சேர்த்துப் பாருங்கள்: ஆரம்பப் பயிற்சி, அப்புறம் சிறப்புப் படைக்கான சோதனை, ஆக்ராவில் குதிப்பு, காட்டுப் போர், பனிமலை, வெடிமருந்து. ஒருவன் உருப்படியான கமாண்டோ ஆகும்போது நாலு வருஷம் முடிந்து, வாசலில் பெட்டியோடு நிற்பான். உலகமே ஆளைத் தேடித் தேடிப் பதினைந்து வருஷம் வைத்துக்கொள்கிற வேலைக்கு, நாம் வாடகைக்கு ஆள் எடுக்கிறோம்.

வெளியே வந்தவனுக்கு என்ன வேலை? ஆளும் கட்சியின் மூத்த தலைவர் கைலாஷ் விஜய்வர்கியா திட்டம் வந்த அதே மாதத்தில் வழி சொல்லிவிட்டார்: கட்சி அலுவலகத்துக்குக் காவலாளி வைப்பதென்றால் அக்னிவீரருக்குத்தான் முன்னுரிமை தருவாராம். பெரிய மனசு! விமானத்திலிருந்து குதித்தவன் கட்சி அலுவலகத்தில் செருப்பு ஸ்டாண்டைப் பார்த்துக்கொள்வான். பிறகு அதை விளக்கினார், திரித்துவிட்டார்கள் என்றார். அரசியல்வாதி சொல்வது எப்போதும் திரிந்துதான் நம் காதில் விழுகிறது.

இதையெல்லாம் கேட்டால் உடனே ஒரு வாய் திறக்கும்: "நாட்டுக்குப் போறவன் கணக்குப் பார்ப்பானா?" அருமையான கேள்வி. இதைக் கேட்பவர் யார் என்று மட்டும் பாருங்கள். அவர் பிள்ளை டல்லாஸில் இருப்பான், இல்லையென்றால் கோட்டூர்புரத்தில். டி.வி. விவாதத்தில் எல்லையைக் காப்பாற்றுகிறவர்; அவர் வீட்டில் யாரும் வாசற்கதவைக்கூடக் காத்ததில்லை. கணக்குப் பார்க்காத உரிமை, கணக்குப் பார்க்கத் தேவையில்லாதவனுக்கு இருக்கட்டும். ஆம்பூரில் தோல் தொழிற்சாலை ஷிப்டுக்குப் போகிற அப்பனுக்கும் பீடி சுற்றுகிற அம்மாவுக்கும் பிறந்த பையன் கணக்குப் பார்த்தே ஆக வேண்டும். அவனிடம் இருப்பது ஒரே ஒரு உடம்பு. பதினேழரையிலிருந்து இருபத்தொன்று வரை அதற்கு ஒரே ஒரு வயசு.

அந்த உடம்புக்கு ஏதாவது ஆனால்? தேசிய ராணுவ அகாடமி, இந்திய ராணுவ அகாடமி போன்ற இடங்களிலேயே, அதிகாரி ஆகப் போனவர்களில், பயிற்சியின்போது ஊனப்பட்டு 1985 முதல் ஏறக்குறைய 500 பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருக்கிறார்கள். நட்சத்திரம் தோளில் ஏறுவதற்கு முன்னால் அடிபட்டதால் அவர்கள் 'முன்னாள் ராணுவத்தினர்' கணக்கில் வரமாட்டார்களாம். ராணுவ ஆஸ்பத்திரித் திட்டத்திலும் இடமில்லாமல் இருந்தார்கள். மாதம் அதிகபட்சம் நாற்பதாயிரம் கருணைத் தொகை. சிலருக்கு மருந்துச் செலவே அதைத் தாண்டும். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து இதை எடுத்துக் கேட்ட பிறகுதான் மருத்துவத் திட்டம் அவர்களுக்கும் திறந்தது. நாற்பது வருஷம். இத்தனை பாதுகாப்பு அமைச்சர்கள், இத்தனை அணிவகுப்பு, இத்தனை குடியரசு தினம். சக்கர நாற்காலியில் இருந்தவன் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

செத்தவன் வீட்டுக்கும் இதே மரியாதைதான். 2013-இல் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டருகே கடுங்குளிரில் ரோந்து போய் உயிர்விட்ட ஒரு வீரரின் மனைவிக்கு, கூடுதல் குடும்ப ஓய்வூதியம் கொடு என்று ராணுவத் தீர்ப்பாயம் சொன்னது. அரசு என்ன செய்தது? உச்ச நீதிமன்றத்துக்கு அப்பீல் போனது. 2024 டிசம்பரில் நீதிபதிகள் கோபப்பட்டு, அந்தப் பெண்ணை இங்கே இழுத்திருக்கவே கூடாது என்று 50,000 ரூபாய் செலவுத்தொகை கட்டச் சொன்னார்கள். மேடையில் 'வீரத்தாய், வீரமனைவி' என்று மாலை போடுகிற அதே கை, மறுநாள் அவள் மேல் வழக்குக் கட்டில் கையெழுத்துப் போடுகிறது. சேருமுன் பையன் இந்தத் தீர்ப்பை ஒருமுறை படிக்கட்டும் என்றால் நான் தேசத் துரோகி. அப்பீல் போட்டவர் யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.

வெளிநாட்டிலும் சாகிறார்கள். 2013 ஜூலையில், வெயில் கொளுத்திய ஒரு நாளில், வேல்ஸின் பிரெகன் மலையில் பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். தேர்வு நடைப் பயணத்தில் மூன்று ரிசர்வ் வீரர்கள் இறந்தார்கள். 2022 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் கொரோனாடோவில் அமெரிக்கக் கடற்படையின் சீல் தேர்வில், 'நரக வாரம்' முடித்த சில மணி நேரத்தில், 24 வயது கைல் மல்லன் நிமோனியாவில் இறந்தார். அங்கே சாவைத் தடுத்துவிட்டார்கள் என்று சொல்லவில்லை. பொது விசாரணை நடந்தது, மருத்துவக் கண்காணிப்பில் எங்கே ஓட்டை என்று கடற்படையே அறிக்கை எழுதியது, அந்த அறிக்கையைச் சேரப் போகிற பையன் வீட்டில் உட்கார்ந்து படிக்க முடிகிறது. இங்கே? 2024-இல் ஜார்க்கண்டில் கலால் துறைக் காவலர் வேலைக்குப் பத்துக் கிலோமீட்டர் ஓடவிட்டு, ஓடியவர்களில் பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். கமாண்டோ வேலைகூட இல்லை. சாராயக் கடை சோதனை போடுகிற காவலர் வேலை. மூன்று நாள் ஓட்டத்தை நிறுத்திவைத்தார்கள், மறுபடி ஓடச் சொன்னார்கள். வேலை இல்லாத ஊரில் மூச்சு நின்றாலும் வரிசை நிற்காது என்று மேலே இருக்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் தெருவுக்குப் பின்தெருவில் ஒரு ஓய்வுபெற்ற ஹவில்தார் இருக்கிறார். வேலூர் மாவட்டத்தில் இதில் என்ன அதிசயம்? கம்மவான்பேட்டையை ஊரே 'ராணுவப்பேட்டை' என்று கூப்பிடுகிற மாவட்டம் இது. இவர் பாராவுக்குப் பெயர் கொடுத்து, சிறப்புப் படைச் சோதனையில் ஏழாவது வாரம் முட்டி போய், திரும்பி வந்து, தன் ரெஜிமென்டிலேயே முழு சர்வீஸும் முடித்தவர். காலை ஆறு மணிக்கு வாசலில் உட்கார்ந்து முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பார். எதிரே கிரவுண்டுக்கு ஓடுகிற பையன்கள் எல்லாரும் அவர் வாசலைத் தாண்டித்தான் ஓடுகிறார்கள். ஒருவனும் நின்றதில்லை. அவருக்கு யூடியூப் சேனல் இல்லையே. போன மாதம் ஒருவன் மட்டும் ஷூ லேஸ் கட்ட நின்றான்.

"இன்னாடா, எதுக்கு ஓடுற?"

"மார்கோஸ் மாமா."

"அப்படியா. நீஞ்சத் தெரியுமா?"

பையன் சிரித்தான். "கத்துக்கணும் மாமா."

"எங்க கத்துப்ப? பாலாத்துலயா? தண்ணி எப்ப பாத்த? மணலே லாரில போயிடுச்சு." எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "நேவிக்கு எழுதிப் போட்டியா?"

"மாஸ்டர் டைரக்டா சேத்து வுடுவேன்னாரு."

"எந்த மாஸ்டர்? எந்த யூனிட்டு? எத்தினி வருசம் சர்வீசு? கேட்டியா?"

கேட்கவில்லை. அவர் கத்தவில்லை, திட்டவில்லை. "உக்காரு" என்றார். பையன் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான். பாராசூட்டில் தரையைத் தொடும்போது முதுகெலும்பில் ஏறுகிற அடி எப்படி இருக்கும், ஐம்பது வயசில் அது எப்படித் திரும்பி வரும், லீவு கேட்டால் எப்போது கிடைக்கும், எங்கே போகிறோம் என்று பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாமல் கிளம்புகிற ராத்திரி எப்படி இருக்கும், மெடிக்கல் கேட்டகிரி இறங்கினால் என்ன ஆகும், முடியாமல் திரும்பி வந்தவனை யூனிட்டில் எப்படி நடத்துவார்கள். சோறு எப்படி இருக்கும் என்பதையும் சொன்னார். கடைசியில், "இவ்ளோ கேட்டப்புறமும் போவணும்னு தோணுச்சுன்னா போ. நல்ல வேலைடா. நான் மறுபடி பொறந்தாலும் போவேன்" என்றார். பயமுறுத்தவும் இல்லை, ஆசை காட்டவும் இல்லை. ஒரு காசு வாங்கவில்லை.

அந்தப் பையன் நேராக மாடிக்குப் போய் மாஸ்டரிடம் கேட்டிருக்கிறான்: "சார், இங்கருந்து மார்கோஸுக்கு எத்தினி பேர் போயிருக்காங்க?" மாஸ்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, எல்லாப் பையன்களையும் வரிசையில் நிற்கவைத்து, இவனை முன்னால் கூப்பிட்டு அறிவித்தாராம்: "கேள்வி கேக்குறவன் ஆர்மிக்கு லாயக்கில்ல. ஐம்பது தண்டால் எடு." எடுத்தான். கட்டிய பணம் திரும்பாது என்று ரசீதின் பின்பக்கம் அச்சடித்திருப்பதையும் காட்டினாராம். ரசீது கொடுத்த வரைக்கும் நல்லவர்தான்.

சிறப்புப் படைக்காரனுக்கு முதல் பாடமே உளவு. காலடி வைக்கப் போகிற இடத்தை முன்கூட்டியே பார்த்துவைப்பது. எத்தனை பேர், எந்த வாசல், காற்று எந்தப் பக்கம், திரும்புகிற வழி எது. அதைச் செய்யாமல் உள்ளே போகிற குழுவை எந்தத் தளபதியும் அனுப்பமாட்டான். அந்தப் படையில் சேரப் போகிற பையன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு போக வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். திறந்தால் கோழை, பேசினால் துரோகி. இதைச் சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர் ராணுவத்தில் இருந்தாரா என்றுகூடத் தெரியாது. விசாரித்தேன். ஹோம்கார்டில் எட்டு மாதம் இருந்தாராம்.

அவருக்கும் கவலை இல்லாமல் இல்லை. கூட்டம் ஏறுகிறது, தனியாகச் சமாளிக்க முடியவில்லை, உண்மையாகவே உடை போட்டுப் பழகிய ஆள் இரண்டு பேர் இருந்தால் பேனருக்கும் மவுசு. நல்ல வேளையாக அரசாங்கமே வழி செய்து கொடுத்திருக்கிறது. முதல் அக்னிவீரர் அணி பயிற்சிக்குப் போனது 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும். நாலு வருஷம் முடிந்ததும் நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் ஊர் திரும்புவார்கள். இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயசு, நல்ல உடம்பு, வேலை இல்லை. அதில் இரண்டு பேரிடம் மாஸ்டர் இப்போதே போனில் பேசி வைத்திருக்கிறார். மாதம் பன்னிரண்டாயிரம், தங்குமிடம் மாடியிலேயே, விசில் இலவசம். புது பேனருக்கு டிசைன்கூடக் கொடுத்தாயிற்று: "முன்னாள் கமாண்டோக்களிடம் நேரடிப் பயிற்சி."